கரம் பானி லாட்ஜின் பின்னறை

போர்ட் பிளேயர் ஜங்லிகாட்டில் ஆட்டோக்காரர்களிடம் இந்திராணியின் விடுதிப் பெயரைச் சொன்னால் பாதிப் பேருக்குத் தெரியாது. "கரம் பானி லாட்ஜ்" என்று சொன்னால் உடனே வண்டியைத் திருப்புவார்கள். பலகையில் எழுதியிருந்த பெயர் வேறு. கரம் பானி என்றால் இந்தியில் வெந்நீர், அதனால் வந்த பெயர் இது. கொல்கத்தாவிலிருந்து வரும் வங்காளிக் குடும்பங்களுக்கு எவ்வளவு புழுக்கமான ஊரானாலும் விடிந்ததும் குளிக்க வெந்நீர் வேண்டும். மற்ற சின்ன விடுதிகளில் வாளி வாளியாகக் கேட்டு வாங்க வேண்டியிருக்கும். இங்கே குழாயைத் திறந்தால் ஆவி பறக்கக் கொட்டும்.

அந்த வெந்நீர் வந்தது வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் நின்ற டீசல் பாய்லரிலிருந்து. கட்டட கான்ட்ராக்டராக இருந்த இந்திராணியின் கணவர் உதயசூரியன், மூடிப்போன ஓர் ஓட்டலிலிருந்து அதை வாங்கி வந்து கூடவே நின்று பொருத்தினார். புகைக்குழாய் வெளியே தெரிந்தால் அசிங்கமாக இருக்கும் என்று சுவருக்குள் பதித்து மேலே ஏற்றி, பின்னறைக் கூரையின் அடியாகக் கொண்டுபோய் வெளியே விட்டார். வீடு பார்க்க லட்சணமாக இருந்தது.

திருச்செந்தூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து கல்யாணமாகிக் கப்பலேறி வந்தவள் இந்திராணி. கடல் பயணத்தில் தலை தூக்க முடியாமல் கிடந்தவள், கரையில் கால் வைத்த பிறகு படுத்ததே இல்லை என்று அவளே சொல்வாள். உதயசூரியன் வேலை நடந்த இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்து போன பிறகும், காரியம் முடிந்த மறுநாளே விடுதிக் கதவைத் திறந்தாள். அறை கூட்டுகிறவள், கணக்குப் பார்க்கிறவள், விருந்தாளிகளோடு இந்தியில் மல்லுக்கட்டுகிறவள் எல்லாம் அவளே. இருட்டு பிரிவதற்குள் எழுந்து பாய்லரைப் பற்றவைப்பதையும் வேறு கைக்குக் கொடுத்ததில்லை. அந்த வீட்டில் "உடம்புக்கு முடியலை" என்ற பேச்சுக்கு இடமில்லாமல் இருந்தது.

மகன் குணாவுக்கு ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் வேலை. முதல் போட் புறப்படும்போது கயிறு அவிழ்க்க அவன் இருட்டோடு கிளம்பி அங்கே நிற்க வேண்டும். வடக்கே தொலைவில் மாயாபந்தரில் தோட்டம் வைத்துக் காய்கறி விற்கும் ஒச்சம்மாவின் மகள் ரூபாவை அவனுக்குக் கட்டிவைத்தார்கள். ரூபா பி.காம். படித்த பெண். சிரித்தால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். வந்த புதிதில் மாடிக்கும் கீழுக்குமாக ஓடிக்கொண்டிருந்தாள். இந்திராணிக்கு மருமகள்மேல் வாஞ்சை அதிகம். வெயில் காலம் தொடங்கியதும், அவளாகவே ஏ.சி. வாங்கிப் பின்னறையில் மாட்டச் சொன்னாள். குளிர் வீணாகாமல் இருக்க ஜன்னல் இடுக்குகளை அடைத்து, தகரக் கூரைக்குக் கீழே பிளைவுட்டில் புதிதாகச் சீலிங் அடித்தார்கள். சின்னஞ்சிறுசுகள் நன்றாகத் தூங்கட்டும் என்று நினைத்துச் செய்த காரியம் அது.

அதன் பிறகு ரூபாவின் ஓட்டம் குறைந்தது. காலையில் எழுந்தால் தலை பிளக்கிறது என்றாள். குமட்டுகிறது என்றாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். உண்டாகியிருப்பாளோ என்று இந்திராணி சந்தோஷப்பட்டாள், ஆனால் அப்போது அப்படி இல்லை. குணா போன பிறகும் ரூபா வெகுநேரம் படுத்திருப்பாள். எழுப்பினால் பேந்தப் பேந்த விழிப்பாள். அடுப்பில் வைத்ததை மறந்தாள். விருந்தாளிகளின் அறைச் சாவியை மாற்றிக் கொடுத்தாள். அறையில் டீசல் வாடை அடிக்கிறது என்று ஒரு தடவை சொன்னபோது, பின்னால் பாய்லர் இருக்கிற வீட்டில் மல்லிகைப்பூ வாடையா வரும் என்று இந்திராணி கேட்டாள். ரூபா அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை.

ஒரு டாக்டர் ரத்தம் குறைவு என்று டானிக் கொடுத்தார். இன்னொருவர் மனக்கவலை என்று தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். மாத்திரை சாப்பிட்டவள் இன்னும் நேரம் கழித்து எழுந்தாள். பிறகு நிஜமாகவே உண்டாகி, மூன்றாம் மாதத்தில் கலைந்தது. ஒச்சம்மா வந்து மகளை மாயாபந்தருக்குக் கூட்டிப்போனாள். போன சில நாட்களில் ரூபா எழுந்து நடமாடினாள். தோட்டத்தில் வெண்டைக்காய் பறித்தாள். தேறிவிட்டாள் என்று குணா போய் அழைத்து வந்தான். வந்த வாரமே பழையபடி படுத்தாள். மறுபடியும் தாய்வீடு, மறுபடியும் தெளிவு. அந்த இரண்டாம் தடவை ஒச்சம்மா கூட்டிப்போக வந்து நின்றபோது இந்திராணிக்குப் பொறுக்கவில்லை.

"ஊருக்குப் போனா சரியாப் போற சீக்கு என்ன சீக்கு மதினி? எங்க பாட்டன் பூட்டன் காலத்துலயும் கேள்விப்பட்டதில்ல. வேலை செய்ய உடம்பு வணங்கல. எல்லாம் பஹானா."

பஹானா என்றால் சாக்கு. அந்தத் தீவில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் புரிகிற இந்தி. ஒச்சம்மா பையைத் தூக்கினாள். ரூபா வாசலில் செருப்பு மாட்டும்போது ஒரு கையால் கதவைப் பிடித்திருந்தாள். இந்திராணி உள்ளே போய்விட்டாள். அதன் பிறகு ரூபா வரவில்லை. குணா விடுமுறைக்கு மாயாபந்தர் போய் வந்தான். அம்மாவும் மகனும் சாப்பாடு, போட், மழை தவிர வேறு பேசுவதில்லை என்று ஆனது.

ஹீட் பம்ப் பேச்சை எடுத்தது குணாதான். கப்பல் தாமதமானால் டீசலுக்கு அலைய வேண்டியிருக்கிறது, காயப்போட்ட துணியில் கரி படிகிறது என்று பக்கத்து வீட்டில் சண்டைக்கு வருகிறார்கள், பாய்லரும் துருவேறிப் போயிற்று. காற்றில் இருக்கிற சூட்டை இழுத்துத் தண்ணீருக்குக் கொடுக்கிற கரண்ட் மெஷின் வந்திருக்கிறது, அதைப் போடலாம் என்றான். நெருப்பே இல்லாமல் எப்படித் தண்ணீர் சுடும் என்று இந்திராணி கேட்டாள். ஃபிரிட்ஜுக்குப் பின்னால் சூடாக இருப்பதில்லையா, அது மாதிரிதான் என்றான். அவளுக்கு முழுக்க நம்பிக்கை வரவில்லை. ஆனாலும் மகன் இவ்வளவு நீளமாகப் பேசி நாளாகியிருந்ததால் சரி என்றாள்.

மெயின்லேண்டிலிருந்து மெஷின் கப்பலில் வந்து இறங்கியது. பொருத்த வந்தவன் ஆரிப். ஜங்லிகாட்டிலேயே ஏ.சி. பழுது பார்க்கும் கடை வைத்திருந்தவன். அவனும் ஓர் உதவியாளும் முற்றத்தில் உயரமான தொட்டியையும் விசிறி வைத்த பெட்டியையும் நிறுத்தி, குழாய்களை இணைத்து முடித்தார்கள். மதியத்துக்குள் தண்ணீர் சுட்டது. பெட்டியின் வாயிலிருந்து குளிர்ந்த காற்று வந்தது. இந்திராணி கையை அதன் முன் நீட்டிப் பார்த்துவிட்டு, உள்ளே சூடு, வெளியே குளிரா என்று வியந்து டீ போடப் போனாள்.

அவள் டீயோடு திரும்பியபோது ஆரிப் கொட்டகையில் பழைய பாய்லரைக் கழற்றிக்கொண்டிருந்தான். சுவருக்குள் போன புகைக்குழாயைப் பிடித்து லேசாக அசைத்தான். அப்பளம் போல நொறுங்கி ஒரு முழத் துண்டு அவன் கையோடு வந்தது. மீதி மேலே நின்றது. கடல் காற்று தின்ற இரும்பு என்று சிரித்தவன், மேலே டார்ச் அடித்துப் பார்த்தான். சிரிப்பு நின்றுவிட்டது. குழாய் எங்கே போகிறது என்று கேட்டான். பின்னறைக்கு மேலே என்றாள்.

பின்னறை பூட்டிக் கிடந்தது. சாவி கொண்டுவந்து திறந்தாள். அடுத்த வாரம் சிலிகுரியிலிருந்து குழந்தைகளோடு வரும் ஒரு குடும்பத்துக்காகக் கட்டிலில் புது விரிப்பு போட்டு வைத்திருந்தாள். ஆரிப் ஸ்டூலில் ஏறி, சீலிங் பலகை ஒன்றின் ஆணியை நெம்பினான். பலகை தொங்கியதும் கரி அரிசி மாவு மாதிரி பொலபொலவென்று கொட்டியது. வெள்ளை விரிப்பு கறுத்தது. தலையணை கறுத்தது. பலகையின் மேல்பக்கம் முழுக்கத் தார் பூசியது போலிருந்தது. சீலிங் அடித்தபோது மரச்சட்டத்துக்கு இடம் வேண்டிக் குழாயை ஒரு பக்கம் தள்ளியிருக்கிறார்கள். அதில் குழாயின் இணைப்பு விட்டுப்போய், கை நுழைகிற அளவுக்கு வாய் பிளந்து நின்றது. கட்டிலின் தலைமாட்டுக்கு நேர் மேலே.

ஆரிப் ஸ்டூலிலிருந்து இறங்கவில்லை. அங்கிருந்தே கேட்டான்.

"ஆன்ட்டி, இந்த ரூம்ல யாரு படுப்பாங்க?"

"இப்ப யாருமில்ல. மருமக படுத்துக் கிடந்தா."

"ஏ.சி. போட்டு, மூடிட்டா?"

"ஆமா."

அவன் முகம் மாறியது. "அவங்களுக்கு ஒண்ணும் ஆகலையா?"

இந்திராணிக்கு முதலில் கேள்வி புரியவில்லை. ஆரிப் தனக்குத் தெரிந்த அளவில் சொன்னான். எண்ணெய் சரியாக எரியாவிட்டால் வருகிற புகையில் ஒரு விஷ வாயு உண்டு. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூடிய அறையில் தூங்குகிறவர்களை அப்படியே கொண்டுபோய்விடும். கொஞ்சமாக வந்தால் தலைவலி இருக்கும், குமட்டும், கை கால் ஓயும், புத்தி மந்தமாகும். வெளியே போய் நல்ல காற்று பட்டால் தெளிந்துவிடும்.

தெளிந்துவிடும் என்ற சொல் இந்திராணியின் காதிலேயே நின்றது. ஊருக்குப் போனால் சரியாகப் போகிற சீக்கு என்ன சீக்கு. கேட்டது அவள்தான். உலகத்தில் கேட்க வேண்டிய ஒரே கேள்வியைச் சரியாகக் கேட்டு, அதைத் தூக்கி அந்தப் பெண்ணின் முகத்தில் எறிந்திருந்தாள்.

அவள் தரையில் உட்கார்ந்தாள். ஒவ்வொரு காலையும் அந்தத் தீயைப் பற்றவைத்தது தன் கை என்பது அப்புறம்தான் உறைத்தது. குணா வீட்டை விட்டு இறங்கியதும் கொட்டகைக்குப் போய் வால்வைத் திறந்து பற்றவைப்பாள். சுவருக்கு அந்தப் பக்கம் ரூபா தூங்கிக்கொண்டிருப்பாள். ஜன்னல் இடுக்கை அடைத்ததும் தன் ஏற்பாடு. விரிப்பில் கிடந்த கரியைப் பார்த்தாள். சிலிகுரிக் குழந்தைகளின் நினைவு வந்ததும் எழுந்து, ஜன்னல் இடுக்குகளில் அடைத்திருந்ததைப் பிய்த்தெடுத்தாள்.

குணா வேலை முடிந்து வந்தபோது ஆரிப் போகாமல் காத்திருந்தான். அவன்தான் சொன்னான். குணா அறைக்குள் போய்த் தொங்கிய பலகையைப் பார்த்தான். விரலால் தொட்டான். வெளியே வந்து ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்தான், சாவி போடவில்லை. விடுமுறை நாட்களில் வீட்டில் தூங்கினால் அவனுக்கும் தலை வலித்திருக்கிறது. ராத்திரி குடித்துவிட்டு வந்தாயா என்று அம்மா ஏசியிருக்கிறாள். அவனும் ரூபாவிடம், நாளெல்லாம் படுத்தால் தலை வலிக்காமல் என்ன செய்யும் என்று கேட்டிருக்கிறான். கைப்பிடியைப் பார்த்தபடியே பேசினான்.

"நீ சொல்றியாம்மா, நான் சொல்லட்டுமா?"

"போன்ல வேண்டாம். நான் போறேன்" என்றாள் இந்திராணி.

மறுநாள் இருவரும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டரம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அந்தப் பெண் உயிரோடு இருக்கிறாளா என்றுதான் முதலில் கேட்டாள். கர்ப்பம் கலைந்ததும் அதனாலா என்று இந்திராணி கேட்டதற்கு, இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், இனி எந்தப் பரிசோதனையாலும் அதைச் சொல்ல முடியாது என்றாள். மருமகளை ஒரு முறை அழைத்து வந்து காட்டச் சொன்னாள். ஆமாம் என்று அடித்துச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம் போல இந்திராணிக்குத் தோன்றியது. இந்தத் தெரியாது என்பதை எங்கே வைப்பது என்று தெரியாமல் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள்.

குணாவுக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. அவள் தனியாக மாயாபந்தர் பஸ் ஏறினாள். காட்டுக்குள் போலீஸ் காவலோடு கூட்டமாகப் போகும் கான்வாய்க்காக ஜிர்காடாங்கில் வண்டிகள் வரிசையில் நின்றன. எல்லோரும் இறங்கி வடை தின்றார்கள். அவள் இறங்கவில்லை. காட்டுப் பாதை முழுக்கச் சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். எப்படித் தொடங்கினாலும் இரண்டாவது வாக்கியம் வரவில்லை. மிடில் ஸ்ட்ரெயிட் என்ற கடல் கழியில் பஸ்ஸைப் படகில் ஏற்றிக் கடத்தும்போது பக்கத்து இருக்கைப் பெண் உடம்பு சரியில்லையா என்று இந்தியில் கேட்டாள். எனக்கு ஒன்றுமில்லை என்று சொல்லும்போதே இந்திராணிக்கு அழுகை வந்தது.

ஒச்சம்மாவின் வீட்டுக்கு அவள் போய்ச் சேர்ந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. ஒச்சம்மா புடலங்கொடிக்குப் பந்தல் கட்டிக்கொண்டிருந்தாள். சம்பந்தியைப் பார்த்ததும் கையிலிருந்த கயிற்றைக் கீழே போடாமல் நின்றாள். வாங்க என்று சொல்லவில்லை. ரூபா உள்ளேயிருந்து வந்தாள். கன்னம் நிரம்பி, கண் தெளிந்து, கல்யாணத்தன்று பார்த்த பெண்ணாக இருந்தாள். அந்தத் தெளிவைப் பார்த்ததும் இந்திராணி பஸ்ஸில் கட்டிய வாக்கியங்கள் எல்லாம் போயின. நின்ற இடத்திலேயே, பாய்லர் புகை உன் அறைக்குள்தான் வந்திருக்கிறது, உனக்கு வந்த சீக்கு அதுதான், தினமும் பற்றவைத்தது நான் என்று மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள். குணா எடுத்துக் கொடுத்திருந்த படத்தைப் போனில் காட்டினாள். கறுத்த விரிப்பு, தலைமாடு, மேலே பிளந்த குழாய்.

ரூபா போனை வாங்கி வெகுநேரம் பார்த்தாள். படத்தைப் பெரிதாக்கினாள். அவள் கத்துவாள், போனை வீசுவாள் என்று இந்திராணி எதிர்பார்த்திருந்தாள்.

"அப்ப அது நிஜமாவே இருந்துச்சா அத்தை?"

"என்னதும்மா?"

"என் தலைவலி. நீங்க எல்லாரும் சொல்லிச் சொல்லி, நான் நடிக்கிறேனோன்னு எனக்கே தோணிப்போச்சு. இங்க வந்து நல்லானதும் அது உறுதியே ஆயிருச்சு. அம்மாகிட்டகூடச் சொல்லல. நான் மோசமானவ போலன்னு நெனச்சுட்டு இருந்தேன்."

விஷம் புகையில் மட்டும் இருக்கவில்லை என்று இந்திராணிக்கு அப்போது தெரிந்தது. இத்தனை மாதமும் கடலுக்கும் காட்டுக்கும் அப்பால் வந்தும் அந்தப் பெண் இந்திராணியின் சொல்லைச் சுவாசித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். இந்திராணி காலில் விழுவதுபோல் குனிந்தாள். ரூபா பின்னால் நகர்ந்துகொண்டாள்.

"குழந்தையும் அதாலயா?" என்று கேட்டாள்.

டாக்டரம்மா சொன்னதை அப்படியே சொன்னாள் இந்திராணி. கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. ரூபா போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் பின்னால் போனாள். கொஞ்ச நேரத்தில் அழுகைச் சத்தம் கேட்டது. இந்திராணி அந்தப் பக்கம் போகப் பார்த்தாள். "நீங்க இருங்க" என்று ஒச்சம்மா தடுத்துவிட்டு, கயிற்றைப் போட்டுவிட்டு மகளிடம் போனாள். அவள் அந்த வீட்டில் இந்திராணியிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். அன்றைக்குத் திரும்ப வண்டி இல்லாததால் சோறு போட்டாள், பாய் விரித்தாள். காலையில் காபியை வைத்துவிட்டு, "அன்னைக்கு வாசல்ல வச்சுப் பேசுனத நான் செத்தாலும் மறக்க மாட்டேன் மதினி. ஆனா இத வந்து சொன்னீகள்ல. அதையும் மறக்க மாட்டேன்" என்றாள்.

ரூபா பஸ் நிறுத்தம் வரை வந்தாள். இனி அந்த வீட்டுக்கு வந்து இருக்க முடியாது என்று சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை. இந்திராணி சரி என்றாள். வா என்று கூப்பிடும் உரிமை தனக்கு இல்லை என்பது பஸ் ஏறும் முன்பே தெரிந்திருந்தது.

ஊர் திரும்பியதும் சிலிகுரிக் குடும்பத்துக்கு மாடியில் அறை மாற்றிக் கொடுத்தாள். பின்னறையின் வெளிச்சுவரை இடித்துத் திறப்பாக்கி, விரிப்புகள் காயப்போடும் இடமாக்கினாள். மெஷின் சத்தமில்லாமல் வேலை செய்தது. வெந்நீர் முன்னைவிட நன்றாக வந்தது. விருந்தாளிகள் பாராட்டினார்கள். காலையில் பற்றவைக்க ஒன்றுமில்லாமல் அவள் கட்டிலில் உட்கார்ந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருப்பாள். உதயசூரியன் படத்துக்கு முன்னால் நின்று, அழகு பார்த்து ஏன் குழாயைச் சுவருக்குள் வைத்தீர் என்று சண்டை போட்டாள். சீலிங் அடித்த தச்சர்களைத் தேடினாள். அவர்கள் எப்போதோ மெயின்லேண்ட் போய்விட்டார்கள். யாரைத் திட்டினாலும் தீக்குச்சி தன் கையில்தான் வந்து நின்றது.

பிறகு ஒரு நாள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, டீசல் பாய்லரும் ஜெனரேட்டரும் வைத்திருக்கிற விடுதிகளுக்கு ஒவ்வொன்றாகப் போனாள். புகை எங்கே போகிறது என்று பார்த்தீர்களா, அந்தச் சுவருக்குப் பக்கத்தில் யார் தூங்குகிறார்கள் என்று கேட்டாள். ஒரு விடுதிக்காரர், உன் தொழில் படுத்துவிட்டால் எங்கள் தொழிலையும் படுக்க வைக்க வந்தாயா என்று விரட்டினார். சிலர் டீ கொடுத்துக் கேட்டுவிட்டு மறந்தார்கள். ஜெனரேட்டருக்குப் பக்கத்து அறையில் மகளைப் படுக்க வைத்திருந்த ஒரு தெலுங்குக்காரி மட்டும் அப்போதே எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தாள். தன் வீட்டில் நடந்ததைச் சொல்லும்போது இந்திராணி மறைக்கவில்லை. மருமகளை நடிக்கிறாள் என்று ஏசினேன் என்பதையும் சேர்த்தே சொன்னாள். அதைச் சொல்லாவிட்டால் யாருக்கும் உறைக்காது என்று அவளுக்குப் பட்டது.

குணா எழுதிக் கேட்டு மாயாபந்தர் ஜெட்டிக்கு மாற்றல் வாங்கினான். ஒச்சம்மா வீட்டுக்குப் பக்கத்திலேயே வாடகைக்கு எடுத்துக்கொண்டார்கள். ரூபாவுக்கு அங்கே ஓர் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் வேலை கிடைத்தது. விடுதி நடத்த இந்திராணி ஓர் ஆளை வைத்துக்கொண்டாள்.

மழைக்காலம் தொடங்குவதற்கு முன் ரூபா டாக்டரம்மா சொல்லியிருந்த பரிசோதனைக்காகப் போர்ட் பிளேயர் வந்தாள். குணாவுக்குத் தெரிந்தவர் வீட்டில் தங்கினாள். இந்திராணி சோறும் மீன் குழம்பும் கட்டி எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். எல்லாம் நன்றாக இருக்கிறது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டாள். இருவரும் வெளியே மரத்தடிச் சிமெண்டுத் திண்டில் உட்கார்ந்தார்கள். பேச்சு அதிகமில்லை. குழம்பில் உப்பு கொஞ்சம் தூக்கல் என்று ரூபா சொன்னாள். ஆமாம், இப்போதெல்லாம் கை தப்பிப் போகிறது என்றாள் இந்திராணி. பாத்திரத்தைக் கழுவிக் கொடுத்துவிட்டு ரூபா புறப்பட்டாள்.

சாயங்காலம் பக்கத்து வீட்டு அஸ்மா மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து, மருமகள் வந்தாளாமே, சமாதானமாகிவிட்டதா என்று விசாரித்தாள். இந்திராணி காய்ந்த விரிப்பை மடித்தாள்.

"அதெல்லாம் தெரியல அஸ்மா. நான் கொண்டுபோனதச் சாப்பிட்டா" என்றாள்.